விட்டுக்கொடுப்பதும் வழி காண்பதும்: செபராங் பிறைப் பாலர் வகுப்பொன்றின் நிகழ்வு ஆய்வு

வகுப்பும் பிள்ளைகளும்

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில், பட்டர்வொர்த் நகரை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் நான் பாலர் வகுப்பு ஆசிரியை. ஒரு பள்ளி ஆண்டின் தொடக்கம் முதல் ஏறத்தாழ 7 மாதங்கள் அந்த வகுப்பில் நான் கவனித்தவற்றையும், செய்து பார்த்தவற்றையும், அவற்றுள் பலிக்காமல் போனவற்றையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகள் 22 பேர். 5 வயதினரும் 6 வயதினரும் ஒரே அறையில் இருந்தனர். எனக்குத் துணையாக ஓர் உதவியாளர் இருந்தார். பிள்ளைகள் அவரை 'அக்கா' என்று அழைப்பார்கள். எழுத்து அறியாத பிள்ளையும் தன் இடத்தைக் கண்டுகொள்ள வேண்டும் என்பதற்காக ஒவ்வோர் அலமாரித் தட்டிலும் ஒரு படம் ஒட்டியிருந்தோம். பிள்ளைகளின் அடையாளம் வெளிப்படக்கூடாது என்பதால் அந்தப் படங்களின் பெயராலேயே இங்கு அவர்களைக் குறிப்பிடுகிறேன். யானை, மீன், நண்டு ஆகிய மூவரும் சிறுவர்கள். மயிலும் கிளியும் சிறுமியர்.

1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியை நாட்டின் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. 2010-இல் அறிமுகமாகி 2017-இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டத்தின் 6 தூண்களுள் ஒன்று, பிள்ளை தன்னைத் தானே பேணிக்கொள்வதையும் பிறரோடு இணங்கி வாழ்வதையும் பற்றியது. ஆகவே பிள்ளை தன் காலில் நிற்கக் கற்க வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் காலை 8 மணிக்கும் நண்பகலுக்கும் இடைப்பட்ட 4 மணி நேரத்தில், 22 பிள்ளைகளின் காலணிகளுக்கும் சண்டைகளுக்கும் நடுவில், அது எப்படி நடக்கிறது, யார் அதைத் தடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் தடுத்தவள் நான்தான் என்பதைக் கண்டுகொள்ள எனக்குச் சில வாரங்கள் பிடித்தன.

எங்கள் பெற்றோரில் பலர் பிறைத் தொழிற்பேட்டையிலோ, பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலோ வேலை செய்பவர்கள். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் அமைந்ததிலிருந்து இப்பகுதிக் குடும்பங்களின் நாள், ஆலையின் பணிமுறைக்கேற்பவே நகர்ந்து வந்திருக்கிறது. தாய் இரவு வேலைக்குப் போனால் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் பாட்டியின் பொறுப்பு. காலையில் பள்ளி வேன் வருவதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பிள்ளையே பொத்தான் போடட்டும் என்று காத்திருக்க அந்த வீட்டில் நேரம் இருப்பதில்லை. இந்தப் பின்னணியை மறந்துவிட்டுப் பெற்றோர் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று பேசுவது நியாயமாகாது.

முதல் வாரங்களில் கண்டது

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் காலை உணவு வேளையின்போது, என்னைப் பிள்ளைகள் எதற்கெல்லாம் அழைக்கிறார்கள் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணினேன். அரை மணி நேரத்தில் 31 கோடுகள் விழுந்தன. தண்ணீர்ப் புட்டியைத் திறக்க, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரிக்க, சிலுவாரின் (காற்சட்டையின்) கொக்கியைக் கழற்ற, மைலோ சிந்தியதைத் துடைக்க, "டீச்சர், இவன் என்னையே பாக்குறான்" என்று முறையிட. ஏறத்தாழ எல்லாவற்றையும் அவர்கள் கேட்ட கணத்திலேயே நான் முடித்துக்கொடுத்திருந்தேன். கோடு போடாத ஒன்றுதான் என்னை அதிகம் உறுத்தியது. யானை வாய் திறந்து எதையும் கேட்கவில்லை. புட்டியை நீட்டினான், நான் திறந்தேன், அவன் வாங்கிக்கொண்டான். எங்கள் இருவருக்கும் இடையே ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. அவன் தன்னால் முடியாது என்று சொன்னதே இல்லை. முடியுமா என்று கேட்டுப் பார்க்கும் வாய்ப்பே அவனுக்கு வந்ததில்லை.

அடுத்த வாரம் சண்டைகளைக் குறித்தேன். ஐந்து நாளில் 11 சண்டைகள் என் கண்ணில் பட்டன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எப்படி முடிந்தது என்று எழுதினேன். "யார் முதலில் எடுத்தது?" என்று விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது நான்கு. "இரண்டு பேருக்கும் கிடையாது" என்று பொருளை எடுத்து மேலே வைத்தது இரண்டு. மீதி ஐந்தில் நான் சொன்னது ஒரே சொல்: விட்டுக்கொடு. விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போனதில்லை என்று கேட்டு வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லில் எனக்கு இன்றும் மதிப்பு உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தபோது, ஐந்தில் நான்கு முறை விட்டுக்கொடுத்தது மயில் என்பதைக் கண்டேன். எதிரே நின்றவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிள்ளைகள். கையிலிருந்ததைக் கொடுத்தவள் மட்டும் மாறவில்லை. வகுப்பில் சிரமம் தராத பிள்ளை என்று நான் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

இவ்விரு குறிப்புகளும் ஒரே குறையைத்தான் காட்டின. புட்டியைத் திறந்தபோதும் சண்டையை முடித்தபோதும், பிள்ளையின் கையில் ஒரு சிக்கல் வந்து சேர்வதற்கு முன்பே நான் அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

மாற்றியவை

முதலில் என் பேச்சை மாற்றவில்லை. பொருள்களின் இடத்தை மாற்றினேன். துடைக்கும் துணிகள் என் மேசையின் மேல் இருந்தன. அவற்றைப் பிள்ளைகளின் இடுப்பளவு உயரத்தில் கொக்கியில் தொங்கவிட்டோம். பெரிய தண்ணீர்க் கலனுக்குப் பக்கத்தில் பிள்ளை ஒரு கையால் தூக்கக்கூடிய சிறு குவளைகளைப் பாதியளவு நிரப்பி வைத்தோம். முழுதும் நிரம்பினால் கை நடுங்கும், பாதி என்றால் ஊற்றிவிடலாம். சிந்தினாலும் ஒரே துணியில் துடைத்துவிடலாம். காலணி அடுக்கின் அருகே, முழங்காலிட்டால் முகம் தெரியும்படி ஒரு கண்ணாடி மாட்டினோம்; சட்டைக் காலர் மடிந்திருப்பதைப் பிள்ளை தானே பார்த்துச் சரிசெய்துகொள்ளும்.

இதில் எதுவும் புதிதல்ல. மரியா மாண்டிசோரி 1907-இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தபோதே ஊற்றுவதும் பொத்தான் போடுவதும் பாடங்களாக இருந்தன. நம்மவர்க்கு இதில் ஒரு நெருக்கமும் உண்டு: அவர் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார், போரின் காரணமாகப் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தபோது அவற்றுள் சிலவற்றைக் கொடைக்கானலில் கழித்தார். தமிழ்ப் பிள்ளைகளின் கைகளைப் பார்த்தே அவர் சிலவற்றைக் கற்றிருப்பார் என்று நினைப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

அடுத்து, ஒரு செயலைக் கற்பிக்கும் வரிசையை மாற்றினேன். பொத்தான் போடுவதை முதல் படியிலிருந்து சொல்லிக்கொடுத்தால், பிள்ளை முதல் படியிலேயே தடுக்கி, மீதியை என்னிடம் கொடுத்துவிடும். மாறாக, பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிட்டு, மறுபக்கம் இழுத்து முடிப்பதை மட்டும் பிள்ளையிடம் விட்டேன். செயலை முடித்தது பிள்ளை. ஆகவே "நான் போட்டேன்" என்று சொல்வது பொய்யாகாது. அது கைவந்தபின் நுழைப்பதையும், பின்னர் துளையைத் தேடுவதையும் விட்டுக்கொண்டே வந்தேன். கடைசிப் படியை முதலில் தருவது என்று இதை எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். யானையின் புட்டியை நான் இறுக்கம் தளரும்வரை திருகிவிட்டு நீட்டினேன். கடைசிச் சுற்று அவனுடையது. அப்படித் தொடங்கிய மூன்றாம் வாரம் என் கையில் கொடுக்காமலேயே அவன் அதைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தான். இடுக்கிப் பிடிப்பதை நான் சொல்லித்தரவில்லை.

கட்டடம் எழும்வரை சாரம் கட்டி, சுவர் நின்றதும் சாரத்தை அவிழ்ப்பதைப் போன்றது இது. 1976-இல் டேவிட் வூட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் ஆகியோர், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகள் மரத்துண்டுகளைப் பொருத்திப் பிரமிடு கட்டுவதற்குப் பெரியவர் எப்படித் துணைசெய்கிறார் என்பதை ஆராய்ந்தபோது, அந்தத் துணைக்குச் சாரம் என்ற உவமையையே கையாண்டனர். தனியாக முடியாததும் துணையோடு முடிவதுமான ஓர் இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்று லெவ் வைகாட்ஸ்கி அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே சொல்லியிருந்தார். படித்துத் தேர்வெழுதியபோது இவை எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தன. சாரத்தை அவிழ்க்கும் வேளையை அறிவதுதான் கடினம் என்பது புட்டி மூடியைத் திருகும்போதுதான் விளங்கியது.

எல்லாவற்றிலும் கடினமானது காத்திருப்பது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரு வினாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், அதை 3 வினாடிக்கு நீட்டினால் பிள்ளைகளின் விடை நீள்கிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்றும் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970-களில் காட்டினார். பாலர் வகுப்பில் 3 வினாடி போதாது; நான் மனத்துக்குள் பத்துவரை எண்ணினேன். எங்கள் அக்காவுக்கு இது வேறொரு விதத்தில் கடினமாக இருந்தது. "பிள்ளை செருப்பைப் போட முடியாமல் உட்கார்ந்திருக்கிறது, நான் பக்கத்தில் சும்மா நிற்கிறேன் என்றால், வாசலில் நிற்கும் பெற்றோர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள், டீச்சர்?" என்று அவர் கேட்டார். அது நியாயமான அச்சம். பெற்றோருக்கு விளக்கும் பொறுப்பு என்னுடையது என்று அவரிடம் சொன்னேன். அந்த வாரமே வாசலில் நின்றவர்களிடம் பேசினேன். அதற்குப் பிறகே அவரால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிந்தது.

சண்டைகளுக்கு, அமெரிக்காவின் ஹைஸ்கோப் நிறுவனம் பாலர் வகுப்புகளுக்கென வகுத்துள்ள ஆறு படிகளைப் பின்பற்றினேன்: அமைதியாக அருகே சென்று புண்படுத்துவதை நிறுத்துவது, இருவரின் உணர்வையும் சொல்லிக் காட்டுவது, என்ன நடந்தது என்று இருவரிடமும் கேட்பது, சிக்கலைத் திருப்பிச் சொல்வது, தீர்வுக்கான யோசனைகளைக் கேட்டு ஒன்றைச் சேர்ந்து தேர்ந்தெடுக்கச் சொல்வது, பிறகும் துணைநிற்கத் தயாராயிருப்பது. சண்டைக்குரிய பொருளை அதுவரை ஆசிரியர் தம் கையில் வைத்துக்கொள்ளலாம். அடித்தல், கடித்தல், படிக்கட்டில் தள்ளுதல் ஆகியவற்றில் எண்ணிக்கொண்டு நிற்பது கிடையாது. கை முதலில் தடுக்கும், பேச்சு பிறகு.

நீளக்கட்டை

நான்காம் மாதத்தில் ஒரு புதன்கிழமை, மரக்கட்டைப் பகுதியில் கிளியும் வேறு இருவரும் பினாங்குப் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்தனர். அது அவர்கள் அறிந்த பாலம். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து கடந்த பாலம். சற்றுத் தள்ளி மீனும் மயிலும் பெர்ரி, அதாவது தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஓடும் கப்பல், கட்டினார்கள். எங்கள் கட்டைகளில் மிக நீளமானவை நான்கே நான்கு. நான்கும் பாலத்தில் இருந்தன. மீன் பேசாமல் வந்து ஒன்றை உருவினான்; பாலத்தின் நடுப்பகுதி சரிந்தது. கிளி அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

நான் அருகே போய் முழங்காலிட்டு, அந்தக் கட்டையின் மேல் கை வைத்தேன். "இது கொஞ்ச நேரம் என்கிட்ட இருக்கட்டும். தள்ளினா வலிக்கும், தள்ள வேணாம். ரெண்டு பேருக்குமே கோபம் வந்திருக்கு, தெரியுது."

"அவன் பாலத்த ஒடச்சிட்டான், டீச்சர்!"

"எல்லாக் கட்டையும் அவங்களே எடுத்துக்கிட்டாங்க. பெர்ரிக்கு ஒண்ணுமே இல்ல."

"பாலத்துக்கும் நீளக்கட்டை வேணும், பெர்ரிக்கும் வேணும். கட்டை நாலுதான் இருக்கு. என்ன செய்யலாம்?"

பத்துவரை எண்ணினேன். யாரும் பேசவில்லை. பிறகு மயில் சொன்னாள்: "நாங்க வேணும்னா வேற விளையாட்டு விளையாடுறோம்."

முன்பாயிருந்தால் நல்ல பிள்ளை என்று அவள் தலையைத் தடவிவிட்டு எழுந்திருப்பேன். அந்தக் குறிப்பேட்டுப் பக்கம் நினைவில் இருந்ததால், "அது ஒரு யோசனைதான். உனக்கு அது பிடிச்சிருக்கா, பாப்பா?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்: இல்லை. "அப்ப இன்னும் கொஞ்சம் யோசிப்போம்" என்றேன். அந்த ஆண்டில் நான் பேசியவற்றுள் பயன்பட்ட வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. இதில் எந்தக் கட்சியிலும் இல்லாத யானை, இரண்டு நடுத்தரக் கட்டைகளை எடுத்துவந்து நீளக்கட்டையின் பக்கத்தில் முனையோடு முனை சேர்த்து வைத்தான். "இது ரெண்டும் சேந்தா அது." நீளம் சரியாக இருந்தது. கிளி உடனே அவ்விரண்டையும் பாலத்தின் தூண்களுக்கு மேல் வைத்தாள். நடுவில் பிளந்து விழுந்தன. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தன. "நடுவுல கால் இல்ல, அதான் விழுது" என்று அவளே சொன்னாள். "அப்ப பெர்ரிக்காரங்க இத எடுத்துக்கட்டும்" என்றாள். மீனுக்குக் கோபம் வந்தது. "எங்களுக்கு மட்டும் ஏன் ஒட்டுக் கட்டை?" என்றான். இங்கே இது உடைந்துவிடும் என்று எண்ணி வாயெடுக்கப் போனேன். அதற்குள் மயில் அந்த இரண்டு கட்டைகளையும் தரையில் சேர்த்து வைத்து, அவற்றின் மேல் உள்ளங்கையை அழுத்தினாள். "பெர்ரி தரையிலதானே படுத்திருக்கு. விழாது."

மீன் தானும் அழுத்திப் பார்த்தான். விழவில்லை. அவன் ஒப்புக்கொண்டான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பாலத்தின் கடைசி முனை பெர்ரித் துறைவரை வர வேண்டும், கார்கள் பாலத்திலிருந்து இறங்கிப் பெர்ரியில் ஏற வேண்டும். அது புதிய வழக்கைக் கிளப்பியது. "பெர்ரில காரெல்லாம் ஏறாது, மோட்டார்தான் ஏறும்" என்றாள் கிளி. "எங்க தாத்தா காரு ஏத்தியிருக்காரு" என்றான் மீன். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. "தாத்தாவையே கேட்டுட்டு வர்றியா?" என்றேன்.

முதல் கூச்சலிலிருந்து கட்டைகள் பிரிந்து முடிய 14 நிமிடம் ஆனது. நான் தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆளுக்கு இரண்டு என்று பங்கிட்டிருப்பேன். பாலமும் நின்றிருக்காது, பெர்ரிக்கும் அந்த நீளம் தேவைப்பட்டிருக்காது. சமமாகப் பிரிப்பது அங்கே நியாயமும் அல்ல, பயனும் அல்ல. தூணுக்குத் தூண் தாங்கி நிற்கும் பாலத்துக்கு ஒரே துண்டாக நீளம் வேண்டும். தரையில் கிடக்கும் பெர்ரிக்கு வேண்டியதில்லை. அதைக் கண்டவள், விளையாட்டையே விட்டுவிட்டுப் போக முன்வந்த சிறுமி. அவள் விட்டுக்கொடுத்ததை நான் ஏற்றுக்கொண்டிருந்தால் தீர்வும் அவளோடு அறையின் மறுமூலைக்குப் போயிருக்கும்.

மறுநாள் காலை மீன் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான்: "முன்னாடி ஏறும், இப்ப ஏறாது!" தாத்தா சொன்னது சரிதான். கார்களை ஏற்றிய பழைய பெர்ரிகள் 2020-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டன. 2023 முதல் ஓடும் புதியவற்றில் பயணிகளோடு மோட்டாரும் சைக்கிளும் மட்டுமே ஏறுகின்றன. இருவரும் தோற்கவில்லை. அன்று கட்டைப் பகுதியில் இரண்டு பெர்ரிகள் நின்றன. ஒன்றுக்குத் தாத்தா பெர்ரி என்று பெயர்.

மயிலின் வீடு

ஒரு நிகழ்வால் ஒரு பிள்ளை மாறிவிடுவதில்லை. அடுத்த நாளே வண்ணப் பென்சிலுக்காக மயில் மறுபடி விட்டுக்கொடுத்தாள். அவளுடைய தாயாரைச் சந்தித்தபோது, குறிப்பேட்டில் கண்டதைக் குறையாகச் சொல்லாமல் கேள்வியாகவே கேட்டேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "இவளுக்குக் கீழே ரெண்டு தம்பிங்க, டீச்சர். 'நீதானே மூத்தவ, விட்டுக்கொடு'ன்னு நாளைக்குப் பத்துத் தடவை சொல்றேன். எங்கம்மா எனக்கு அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. அதை வளர்ப்பது என் நோக்கம் இல்லை. மூத்த பிள்ளை இளையதைத் தாங்குவது நம் குடும்பங்களின் பலம். ஆனால் மூன்று வயதுத் தம்பிக்கு ஒன்றைக் கொடுக்கும்போது அவள் தன் விருப்பத்தாலும் பெருமையோடும் கொடுக்கிறாளா, அல்லது கேட்டால் பயனில்லை என்று முன்பே முடிவுசெய்துவிட்டாளா என்பது வேறு. விட்டுக்கொடு என்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கும்படி சொன்னேன்: "உனக்கு என்ன வேணும்?" கேட்டபின் கொடுக்கச் சொன்னாலும் சொல்லட்டும், அவளுக்கும் ஒன்று வேண்டியிருந்தது என்பது அறையில் சொல்லப்பட்டிருக்கும்.

வகுப்பில் நான் செய்தது, தீர்வு எட்டப்பட்டதும் கைதட்டி முடித்துவிடாமல், குறிப்பேட்டில் இந்த முறை யார் எதை இழந்தார்கள் என்று ஒரு வரி எழுதுவது. சண்டை அடங்கிவிட்டது என்பதும் நியாயமாக முடிந்தது என்பதும் ஒன்றல்ல. குரல் உயர்ந்த பிள்ளையும் சொல்வளம் மிக்க பிள்ளையும் பேச்சுவார்த்தையில் எளிதாக வெல்வார்கள். கிளி அப்படிப்பட்டவள், அழகாகப் பேசியே எல்லாவற்றையும் தன் பக்கம் கொண்டுவந்துவிடுவாள். பிள்ளைகளே தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கி நின்றால் வகுப்பு அவள் கையில்தான் இருந்திருக்கும். ஆறாம் மாதத்தில், விசிறிக்கு அருகே உள்ள இடத்துக்காகக் கிளியிடம் மயில், "இல்ல, நேத்து நீ, இன்னைக்கு நான்" என்றாள். உரக்கச் சொல்லவில்லை. கிளி நகர்ந்தாள்.

யானையின் பாட்டி

யானை பள்ளியில் தானாகச் சாப்பிடத் தொடங்கி ஒரு மாதம் ஆகியும் வீட்டில் பாட்டியே ஊட்டினார். பிள்ளை பள்ளியில் ஒருவன், வீட்டில் வேறொருவன். பாட்டியை அழைத்துப் பேச எனக்குத் தயக்கமாக இருந்தது. ஊட்டுவது நம் வீடுகளில் வெறும் வேலை அல்ல. நிலாவைக் காட்டி ஒரு வாய் வாங்க வைப்பது அன்பின் முதல் மொழி. அதை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று கேட்டுக்கொண்டேன். கடைசியில் அவர் பேரனை அழைத்துப்போக வந்த ஒரு நாள், பையன் புட்டி திறக்கும் விதத்தை அவரே பார்க்கும்படி செய்தேன். சிரித்தார். பிறகு சொன்னார்: "அவன் தானா சாப்புடுவாம்மா, எனக்குத் தெரியும். ஆனா கீழ எல்லாம் சிந்துவான். எனக்கு முட்டி வலி, குனிஞ்சு துடைக்க முடியாது. மருமக வேலை முடிஞ்சு வந்து அதையும் துடைக்கணுமா?"

அளவுமீறிய செல்லம் என்று நான் எண்ணியது அவருடைய முட்டியும் மருமகளின் களைப்பும். அதற்கேற்ற தீர்வும் எளிதாக இருந்தது. தட்டுக்குக் கீழே பழைய நாளிதழை விரிப்பது, சாப்பிட்டபின் அதைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போடுவது பேரனின் வேலை. அதுவும் எல்லா வேளைக்கும் இல்லை. ஞாயிறு மதியச் சோறு மட்டும். சாம்பார் சோற்றை விரல் நுனிகளால் பிசைந்து, உருட்டி, கட்டைவிரலால் தள்ளி வாயில் இடுவது கரண்டியால் உண்பதைவிட நுட்பமான வேலை. எழுதுகோலைப் பிடிக்கப்போகும் விரல்களுக்கு அது நல்ல பழக்கம் என்பதையும் அவரிடம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரியாததா? இரவுச் சோற்றை அவர் இன்றும் ஊட்டுகிறார். அதில் நான் தலையிடவில்லை.

சரிவராதவை

ஆண்டு நடுவில் பெற்றோர் தின நிகழ்ச்சிக்காக இரண்டு வாரம் நடனம் பழக்கினோம். அந்த இரண்டு வாரமும் நான் பழைய ஆளாகவே இருந்தேன். உடை மாற்றியது நான், வரிசையில் நிறுத்தியது நான், சண்டைக்குத் தீர்ப்புச் சொன்னதும் நான். நிகழ்ச்சி நன்றாக நடந்தது. அடுத்த திங்கட்கிழமை துணிக்கொக்கியின் பக்கம் யாரும் போகவில்லை. மைலோ சிந்தியதும் 'டீச்சர்' என்ற குரல் மறுபடி எழுந்தது. ஐந்து மாதம் பழகியது இரண்டு வாரத்தில் இவ்வளவு தளரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மீட்டெடுக்க அதைவிட அதிக நாள் பிடித்தது. இனி அத்தகைய நிகழ்ச்சிக்கு, பிள்ளைகள் தாமே மாட்டிக்கொள்ளக்கூடிய உடையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

நண்டின் கதை வேறு. அவனுக்குப் பேச்சு தாமதமாக வந்துகொண்டிருந்தது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சிக்குப் போய்வந்தான். என்ன நடந்தது, என்ன செய்யலாம் என்ற கேள்விகள் எல்லாம் பேசக்கூடிய பிள்ளைகளுக்கு உரியவை. சண்டையில் எதிரே நின்ற பிள்ளை நடந்ததைக் கதையாகச் சொல்ல, நண்டு கையை மட்டும் நீட்டுவான். நான்கூட ஒருமுறை பேசிய பிள்ளையின் கதையை அப்படியே நம்பி, தவறாக முடிவெடுத்தேன். அவன் அழுதுகொண்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்தான். இந்த முறையில் ஒரு பெரிய துளை இருக்கிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

பிறகு, உள்ளங்கை அளவு அட்டைகளில் படம் வரைந்து ஒரு வளையத்தில் கோத்தோம்: என் முறை, உன் முறை, சேர்ந்து, வேண்டாம், வலிக்கிறது, உதவி. வளையத்தை எல்லாப் பிள்ளைகளும் பயன்படுத்தும்படி சண்டையிட்டவர்கள் உட்கார்ந்து பேசும் பாய்க்கு அருகே தொங்கவிட்டோம். ஒருவனுக்கு மட்டும் என்றால் அது அவனைத் தனியாகக் காட்டிவிடும். முதலில் 'வேண்டாம்' அட்டையை மட்டுமே அவன் எடுத்தான். எல்லாவற்றுக்கும் அதையே காட்டினான். அதுவும் ஒரு சொல்தானே என்று ஏற்றுக்கொண்டோம். ஏழாம் மாதத்தில், மணல்தொட்டிக்கு அருகே மீனின் கையிலிருந்த வாளியைக் காட்டி 'என் முறை' அட்டையை நீட்டினான். மீன் தன் வாளியில் மீதியிருந்த மணலைக் கொட்டிவிட்டுக் கொடுத்தான். பேசக்கூடிய பிள்ளைகளும் கோபத்தில் சொல் வராதபோது அட்டையைத் தேடுவதை அதன்பின் கவனித்தேன்.

உணவு வேளையில் மறுபடி ஒரு நாள் கோடு போட்டேன். 31 என்பது 12 ஆகியிருந்தது. சில நாள்களில் இதைவிட அதிகமாகவும் இருந்திருக்கும். மழை பெய்து திடலுக்குப் போக முடியாத நாள்களில் நிச்சயமாக அதிகம். எண்ணிக்கையைவிட அழைப்பின் தன்மை மாறியதே எனக்கு முக்கியமாகப் பட்டது. "தொறந்து குடுங்க" என்பது "நடுவரைக்கும் தொறந்துட்டேன், மேல வரல" என்று ஆகியிருந்தது.

யானையும் மயிலும் நண்டும் அடுத்து முதலாம் ஆண்டுக்குப் போகிறார்கள். அங்கே உதவியாளர் இல்லை, பாய் விரித்த மூலை இல்லை, ஒவ்வொரு பாடமும் அரை மணி நேரம். அட்டை வளையத்தின் பிரதி ஒன்றையும், இந்தப் பிள்ளைகள் தாமாகச் செய்யக்கூடியவற்றின் குறிப்பையும் முதலாம் ஆண்டு ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறேன். அவர் முதலில் கேட்ட கேள்வி, பாடத்தின் நடுவில் சண்டை வந்தால் 14 நிமிடத்துக்கு எங்கே போவது என்பது. ஓய்வு வேளைக்குத் தள்ளிவைத்து, அதுவரை பொருளை ஆசிரியையின் மேசையில் வைத்திருக்கலாமா, ஆறு ஏழு வயதில் அதுவரை பொறுப்பார்களா என்று இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம். வளையத்தைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்ட அவர் ஓர் ஆணி அடித்துவிட்டார்.